பச்சைக் காப்பு

நவநீதனின் வலது கையில் இரண்டு விரல்கள் போனபோது, அவனுடைய இடது மணிக்கட்டில் இருந்த காப்பு பச்சையாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

அதைப் பார்த்தவள் கோகிலவாணி. பக்கத்து பிரஸ் இயந்திரத்தில் நின்றவள். சத்தம் வேறு மாதிரி கேட்டதும் திரும்பினாள். அடுத்த கணம் அவனைத் தோளோடு சேர்த்துப் பிடித்து, தலையில் கட்டியிருந்த துணியை உருவி அந்தக் கையில் இறுக்கிச் சுற்றினாள். அவன் கத்தவில்லை. "கால் முந்திருச்சுங்க்கா... கால் முந்திருச்சு" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான்.

கருமத்தம்பட்டிக்கு வடக்கே இருந்த அந்தக் கம்பெனியில் கார் கதவுகளுக்கான கீல்கள் தயாராயின. பெல்ட்டில் தகடு வரும். அதை எடுத்துக் கையால் அச்சில் வைக்க வேண்டும். கையை வெளியே எடுக்க வேண்டும். பிறகு காலால் பெடலை மிதிக்க வேண்டும். நூறு டன் அழுத்தம் இறங்கித் தகட்டை வளைத்துவிட்டு மேலே போகும். நிமிடத்துக்குப் பதினாறு தடவை. கார் ஓட்ட ஆள் வேண்டாம் என்று ஆகிவிட்ட காலத்திலும் அந்தக் காரின் கீலை அடிப்பதற்கு மனிதக் கைதான் மலிவாக இருந்தது.

கை மலிவு, ஆனால் விபத்து பெரிய தலைவலி. அதற்காகத்தான் மூன்று வருடங்களுக்கு முன் காப்பு வந்தது. அதன் அசல் பெயர் ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ ஒன்று. முதல் நாளே யாரோ காப்பு என்று சொல்ல, அதுவே நிலைத்துவிட்டது. நாடித் துடிப்பு, தோலின் சூடு, வியர்வை, கையின் மெல்லிய நடுக்கம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, அடுத்த முக்கால் மணி நேரத்தில் இந்த ஆளுக்குக் காயம் படக்கூடுமா என்று அது சொல்லும். பச்சை என்றால் பயமில்லை. மஞ்சள் என்றால் கவனம். சிவந்துவிட்டால் அந்த ஆள் நிற்கிற பிரஸ் தானாகப் பூட்டிக்கொள்ளும். சூப்பர்வைசர் வந்து அவரை வெளியே அனுப்பிவிட்டு வேறொருவரை நிறுத்துவார்.

ஒரே மாதத்தில் மூன்று முறை சிவந்தால், "மன அழுத்தம் தாங்கும் தகுதியில்லை" என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படி எழுதப்பட்டவரை அந்த வட்டாரத்தில் வேறு எந்தப் பட்டறையும் சேர்த்துக்கொள்ளாது.

விபத்து நடந்த மூன்றாம் நாள் விசாரணை நடந்தது. ஒர்க்ஸ் மேனேஜர் சென்னியப்பன் அறையில், காப்பைச் செய்த நிறுவனத்திலிருந்து வந்திருந்த ஷிரின் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். காப்புக்குப் பின்னாலிருந்த கணக்கு முழுக்க அவள் போட்டது.

சாட்சி சொல்ல கோகிலவாணியைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"காப்பு பச்சையா இருந்துச்சா?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"இருந்துச்சுங் சார்."

"அவ்வளவுதான். காப்பு பச்சைன்னா ஆளு நல்லா இருந்திருக்கான். நல்லா இருந்தவன் கைய உள்ள உட்டா அதுக்குப் பேரு கவனக்குறைவு." அவர் பேனாவை எடுத்தார். "அப்படியே எழுதிர்றேன்."

ஷிரின் மட்டும் எதையோ யோசித்தபடி இருந்தாள். "சார், ஒரு நிமிஷம். காப்பு வந்த முதல் வருஷம் இங்க காயம் பாதியா குறைஞ்சுது. இந்த வருஷம் மறுபடி ஏறிடுச்சு. ஆனா சிவப்பு மட்டும் மாசத்துக்கு மாசம் குறைஞ்சுட்டே வருது. ஆளுங்க அமைதியாகிட்டே போறாங்க, காயமும் கூடிட்டே போகுது. இது எப்படி?"

"உங்க கணக்கு தப்பா இருக்கும்."

"அதைத்தான் தேடிட்டு இருக்கேன்" என்றாள் ஷிரின். அப்போது அவள் பார்வை கோகிலவாணியின் மேல் விழுந்தது. கோகிலவாணி குனிந்து தன் காப்பைப் பார்த்துக்கொண்டாள். அது பச்சையாக இருந்தது.

அன்று ஷிப்ட் முடிந்ததும் அவள் அவிநாசி ரோட்டிலிருந்த ஆஸ்பத்திரிக்குப் போனாள். நவநீதன் கட்டிலில் சாய்ந்திருந்தான். கட்டுப் போட்ட கை தலையணைமேல் இருந்தது. அவன் மனைவி அபிராமி நிறைமாத வயிற்றோடு பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு டீ வாங்கி வருகிறேன் என்று அவள் எழுந்து போனதும் நவநீதன் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, மாத்திரை சமாச்சாரத்த சொல்லிப்போடாதீங்க."

"அன்னிக்கு எத்தன போட்டே தம்பி?"

"ரெண்டுங்க்கா. இந்த மாசம் ஏற்கெனவே ரெண்டு தடவ செவந்துருச்சு. இவளுக்கு எந்த நேரம் வலி வருமோன்னு நெனப்பு. இன்னொண்ணு செவந்தா வீட்டுக்குப் போகச் சொல்லிருவாங்க. அதான் காலைல ஒண்ணு, சோத்துக்கு முன்னாடி ஒண்ணு." அவன் கட்டுப் போட்ட கையைப் பார்த்தான். "நெஞ்சு ஐஸ் மாதிரி இருந்துச்சுங்க்கா. பெல்ட்டு பறக்குது. தகடு குமியுது. ஆனா நெஞ்சு மட்டும் கம்முனு இருக்குது. கையும் காலும் யாரோடதோ மாதிரி இருந்துச்சு."

அந்த மாத்திரையை அவனுக்கு முதலில் கொடுத்தவள் கோகிலவாணிதான்.

படபடப்பு மாத்திரை என்று அதைச் சொல்வார்கள். இரத்த அழுத்தக்காரர்களுக்கு எழுதிக் கொடுப்பது. இதயத் துடிப்பைக் கட்டிப்போடும். இரண்டு வருடங்களுக்கு முன் அவள் கணவருக்கு டயாலிசிஸ் தொடங்கிய மாதத்தில் அவளுக்கு இரண்டு முறை சிவந்துவிட்டது. அவருடைய மாத்திரைகளுக்கு நடுவில் இதுவும் இருந்தது. ஒன்றைப் போட்டுக்கொண்டு போனாள். காப்பு நாள் முழுக்கப் பச்சையாக இருந்தது. கண்டுபிடித்துவிட்டோம் என்று அன்றைக்கு அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். பிறகு யார் முகம் வாடியிருந்தாலும் அவர்கள் கையில் ஒரு மாத்திரை அட்டையை வைத்து அழுத்துவாள். அது உதவி என்றுதான் நினைத்திருந்தாள்.

அபிராமி டீயோடு வந்தாள். கோகிலவாணி அதைக் குடித்து முடிக்கும்வரை அங்கே இருந்தாள். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோதுதான் அழுகை வந்தது. அழுது முடித்துவிட்டு, விசாரணை அறையில் ஷிரின் கொடுத்திருந்த எண்ணுக்குப் போன் செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஷிரின் அவள் வீட்டுக்கு வந்தாள். கணவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். இருவரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்தார்கள். கோகிலவாணி ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாள். மாத்திரை அட்டையையும் எடுத்து நடுவில் வைத்தாள்.

ஷிரின் அதை வெகுநேரம் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என் காப்பு நாடியத்தான் அதிகம் நம்புது" என்றாள் கடைசியில். "நாடிய கட்டிப்போட்டா மத்ததெல்லாம் அதுக்குக் கண்ணுல படாது. அக்கா, மன அழுத்தத்துல ஒரு ஆளுக்கு என்ன ஆகுது தெரியுங்களா? மொதல்ல பார்வை சுருங்கும். எதிர்ல இருக்கறது தெரியும், ஓரத்துல இருக்கறது தெரியாது. அப்புறம் கைக்கும் காலுக்கும் நடுவுல இருக்கற தாளம் பிசகும். கண் இமைக்கற நேரம்கூட இல்ல, அதுல பாதி. உங்க பிரஸ்ஸுக்கு அது போதும். மாத்திரை நெஞ்ச அமைதியாக்கும். தாளத்த சரி பண்ணாது."

"அதத்தான் அந்தப் பையனும் சொன்னான். கையும் காலும் யாரோடதோ மாதிரி இருந்துச்சுன்னு."

"நீங்க யாருக்கும் கெட்டது நினைக்கலக்கா."

"நெனைக்கல. ஆனா நடந்துருச்சு." கோகிலவாணி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இத நாளைக்கு நான் சொல்லப்போறேன். என்னய அனுப்பிப்போடுவாங்க. அது எனக்குத் தெரியும். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும் அம்மிணி. உங்க கணக்குல எங்க எல்லாத்துக்கும் செவந்தது எப்பெப்பன்னு இருக்குமில்ல?"

"இருக்கு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா இருக்கு."

"தனித்தனியா வேண்டாம். மொத்தமா பாக்க முடியுமா? எந்த மணிக்கு, எந்த வரிசையிலன்னு."

ஷிரின் மடிக்கணினியைத் திறந்தாள். இதுவரை யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. எந்த ஆள் பலவீனம் என்று கண்டுபிடித்துத் தரச் சொல்லித்தான் கம்பெனிகள் காப்பை வாங்கின. அவளும் ஆள் ஆளாகவே பார்த்து வந்திருந்தாள். மாத்திரைப் பழக்கம் பரவாத முதல் வருடத்தின் பதிவுகளை எடுத்து, பெயர்களை நீக்கிவிட்டு, நேரத்தையும் வரிசையையும் மட்டும் வைத்துப் படம் போட்டாள். திரையில் சிவப்புப் புள்ளிகள் விழுந்தன.

மழைத் தூறல் மாதிரி எல்லாப் பக்கமும் சிதறியிருக்கும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். சிதறவில்லை. கொத்துக் கொத்தாக நின்றன. மூன்றாவது வரிசையில் காலை பதினொன்றே கால். மறுபடி மதியம் மூன்று மணிக்கு முன்னால். எல்லா வாரமும், எல்லா மாதமும், அங்கே யார் நின்றிருந்தாலும்.

கோகிலவாணி விரலை நீட்டி அந்தக் கொத்தைத் தொட்டாள். "இது பெல்ட்டு வேகம் ஏத்தற நேரம்" என்றாள். "பதினாறுல இருந்து இருபத்திரண்டாக்குவாங்க. லாரி வர்ற அன்னிக்கு இன்னுமே ஏத்துவாங்க."

ஷிரின் அந்தக் கொத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"மூணு வருசமா எங்க நெஞ்ச அளந்தீங்க" என்றாள் கோகிலவாணி. அவள் குரலில் கோபம் இல்லை. "பெல்ட்டுக்கு யாரு காப்பு போடறது?"

மறுநாள் மதியச் சாப்பாட்டு இடைவேளையில், சென்னியப்பன் எல்லோரையும் கேண்டீனுக்கு வரச் சொன்னார். விபத்துக்குப் பிறகு வழக்கமாக நடக்கிற கூட்டம்தான். கவனமாக இருங்கள், நவநீதன் கவனமாக இல்லை, அதனால் இப்படி ஆயிற்று என்று ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார். நாற்பது பேர் நின்றிருந்தார்கள். ஷிரின் சுவரோரமாக நின்றாள்.

"கவனக்குறைவுன்னு எழுதியாச்சு" என்று அவர் சொன்னபோது கோகிலவாணி முன்னால் வந்தாள். அவர் முன்னாலிருந்த மேஜையில் மாத்திரை அட்டையை வைத்தாள்.

"சார், நவநீதனோட காப்பு பச்சையா இருந்ததுக்கு இதுதான் காரணம். அவனுக்குக் குடுத்தது நானு. நானும் ரெண்டு வருசமா போடறேன்."

சென்னியப்பன் அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"என்னம்மா சொல்றே? தெரிஞ்சுதான் பேசறியா?"

"தெரிஞ்சுதானுங் சார். அவன் கவனமாத்தான் இருந்தான். பெல்ட்டத்தான் யாரும் கவனிக்கல. நிமிசத்துக்கு இருபத்திரண்டு தகடு வந்தா எந்த மனுசனுக்கும் செவக்கும். செவந்தா வெளிய போகச் சொல்றீங்க. போகாம இருக்க மாத்திரை போடறோம். மாத்திரை போட்டா கை போகுது."

சென்னியப்பனின் முகம் கறுத்தது. "இப்பவே எழுதிக் குடுத்துட்டு வெளிய போ. கம்பெனிய ஏமாத்தியிருக்கே. இன்னும் யார் யாருக்குக் குடுத்தே? பேரச் சொல்லு."

கோகிலவாணி ஒரு பெயரைக்கூடச் சொல்லப்போவதில்லை என்று தீர்மானித்துத்தான் வந்திருந்தாள்.

அப்போது பின்வரிசையிலிருந்து பார்வதிநாதன் வந்தார். அந்தப் பட்டறையிலேயே மூத்தவர். அதிகம் பேசாதவர். சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மேஜையில் வைத்துவிட்டுக் கோகிலவாணியின் பக்கத்தில் நின்றுகொண்டார். அவருக்குப் பின்னால் ஒரு பெண் வந்தாள். பிறகு இரண்டு பேர் சேர்ந்து வந்தார்கள். சிலர் சாப்பாட்டுப் பையைத் திறந்து எடுத்தார்கள். ஒருத்தி கைப்பேசி உறைக்குள் மடித்து வைத்திருந்ததை உருவினாள். ஒருவர் மருந்துக் கடையே வைத்திருப்பவர்போல மூன்று அட்டைகளை வைத்தபோது யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு மற்றவர்களுக்கும் பரவியது. அட்டை வைக்க வந்தவர்கள் அதன்பிறகு தலை குனியாமல் வந்தார்கள்.

ஷிரின் எண்ணினாள். நாற்பது பேரில் இருபத்தேழு பேர்.

சென்னியப்பன் மேஜையைப் பார்த்தார். அத்தனை பேரையும் அனுப்பிவிட்டால் மாலையில் வரப்போகிற ஓட்டுநரில்லாத லாரிக்குக் கீல் ஏற்ற ஆள் இருக்காது. அதையும் அவர் யோசித்திருப்பார். ஆனால் அவர் முகத்தில் தெரிந்தது வேறு ஏதோ. பயந்துபோனவர் மாதிரி இருந்தார்.

"சார்" என்று ஷிரின் முன்னால் வந்தாள். "பத்து நாள் கொடுங்க. மூணாவது வரிசை மட்டும் போதும். காப்பு சிவந்தா ஆள் வெளிய போக வேண்டாம், பெல்ட் மெதுவாகட்டும். ஒரு கை சிவந்தா கொஞ்சம் குறையும். நாலு கை சிவந்தா அஞ்சு நிமிஷம் நிக்கும். யார் கை சிவந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. பெல்ட்டுக்கு மட்டும் தெரியும். பத்து நாள்ல ஒருத்தருக்குக் கீறல் பட்டாலும் நானே காப்பக் கழட்டி எடுத்துட்டுப் போயிடறேன்."

"உற்பத்தி என்னாகறது?"

"விரல் போன அன்னிக்கு அந்த வரிசை எவ்வளவு நேரம் நின்னுச்சுன்னு பாருங்க சார்."

அவர் நாற்பது முகங்களையும் ஒருமுறை பார்த்தார். "பத்து நாள்" என்றார். "அதுவரைக்கும் யாரும் வெளிய போக வேண்டாம். பதினோராவது நாள் நாம மறுபடி பேசுவோம்."

முதல் நாள் பரிதாபமாக இருந்தது. மாத்திரையை நிறுத்தியதும் எல்லோர் நெஞ்சும் கட்டவிழ்ந்த மாடு மாதிரி ஓடியது. பத்துக் காப்புகளில் ஏழு சிவந்தன. பெல்ட் நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. சாயங்காலம் சூப்பர்வைசர் மற்ற வரிசைக்காரர்களிடம், மூன்றாவது வரிசை கல்யாண ஊர்வலம் போகிறது என்று கேலி செய்தார். இரண்டாம் நாளும் அதேதான். பார்வதிநாதன் மட்டும், "என்ற காதுக்கு இன்னிக்குத்தான் இந்த ஷெட்டுல குருவி கத்தறது கேக்குது" என்றார்.

மூன்றாம் நாள் சிவப்பு நான்காகக் குறைந்தது. ஐந்தாம் நாள் இரண்டு. பெல்ட் பதினைந்துக்கும் பதினாறுக்கும் நடுவில் ஒரு சீராக ஓடியது. வளைந்து கோணிப்போய்க் கழிவுத் தொட்டியில் விழும் கீல்களின் எண்ணிக்கையைப் பார்த்த சூப்பர்வைசர், யாரோ தொட்டியை நடுவில் காலி செய்துவிட்டார்கள் என்று நினைத்து விசாரித்தார். யாரும் காலி செய்யவில்லை. நிறைய விழவில்லை, அவ்வளவுதான்.

ஆறாம் நாள் காலை பதினொன்றரை மணி. கோகிலவாணி மூன்றாவது வரிசையில் தன் பிரஸ்ஸில் இருந்தாள். தகட்டை வைத்தாள், கையை எடுத்தாள், மிதித்தாள். அச்சு இறங்கியது, மேலே போனது. உச்சிக்குப் போனதும் பிடி ஒன்று விழுந்து அதை நிறுத்திவைக்கும். அப்போது 'க்ளக்' என்று ஒரு சின்ன ஓசை வரும். முன்பெல்லாம் இந்த மணிக்கு இருபத்திரண்டில் ஓடும்போது எல்லாச் சத்தமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அந்த ஓசை தனியாகக் கேட்காது. இப்போது ஆறு நாளாக அது ஒவ்வொரு அடிக்கும் அவளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

இந்த அடிக்கு அது கேட்கவில்லை.

வளைந்த கீலை எடுக்க நீண்ட கை பாதியில் நின்றது. ஏன் நிறுத்தினாள் என்று அவளுக்கே அப்போது தெரியாது. மறுகணம், யாரும் பெடலை மிதிக்காமலே, அச்சு மறுபடி இறங்கியது. நூறு டன். அவள் விரல் நுனிக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. காற்று முகத்தில் அடித்தது.

அவள் சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தாள். பிரஸ் நின்றது. அதற்குப் பிறகுதான் அவள் கத்தினாள். அது பயத்தில் வந்த கத்தல் இல்லை. "இருக்குது! என்ற கை இருக்குது!" என்று இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிப் பத்து விரல்களையும் விரித்துக் காட்டினாள். வரிசை முழுக்க ஓடி வந்தது. பார்வதிநாதன் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தார். யாரோ கைதட்ட ஆரம்பிக்க, நான்கு வரிசைக்காரர்களும் தட்டினார்கள். ஷெட்டின் தகரக் கூரை அதிர்ந்தது.

மெக்கானிக் வந்து பிரஸ்ஸைத் திறந்தபோது பிடியைத் தாங்கும் இரும்பில் முடி அளவுக்கு விரிசல் இருந்தது. பல மாதங்களாக வேகத்தில் அடிபட்டு விழுந்த விரிசல். சென்னியப்பன் வந்து குனிந்து அதைப் பார்த்தார். பிறகு கோகிலவாணியின் கைகளைப் பார்த்தார்.

"எப்படிம்மா தெரிஞ்சுது?"

"சத்தம் வரலீங் சார். வராதது கேட்டுச்சு."

அன்று சாயங்காலம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நான்கு வரிசைகளிலும் நாளை முதல் பெல்ட் காப்போடு இணைக்கப்படும். மூன்று சிவப்பு விதி ரத்து. நவநீதனின் விபத்து அறிக்கையில் 'கவனக்குறைவு' என்பது நீக்கப்பட்டு 'பெல்ட்டின் அதிவேகம்' என்று திருத்தப்படுகிறது. குணமானதும் அவர் பெல்ட் கட்டுப்பாட்டுப் பலகைக்கு மாற்றப்படுவார். கீழே சென்னியப்பனின் கையெழுத்து. அதை முதலில் படித்த பெண் சத்தமாக இன்னொரு முறை படித்தாள். மூன்றாவது முறை எல்லோரும் சேர்ந்து படித்தார்கள்.

கோகிலவாணி அதை அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போனில் சொன்னபோது மறுமுனையில் நவநீதன் போனை அபிராமியிடம் நீட்டிவிட்டான். "அக்கா, அவரு அழுகறாருங்க. நல்ல அழுகைதான்" என்றாள். நான்கு நாள் கழித்து அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

இரண்டு மாதங்கள் போயின. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. நவநீதன் வலது கையில் மூன்று விரல்களோடு கட்டுப்பாட்டுப் பலகையில் உட்கார்ந்திருந்தான். வேகத்தைக் கூட்டுவது குறைப்பது எல்லாம் இப்போது அவன் எதிரில் நடந்தாக வேண்டும். ஷிரின் புதிதாக ஒரு விதியும் எழுதிச் சேர்த்திருந்தாள். வேகத்தைக் கூட்ட வருகிறவர் எவராக இருந்தாலும் அவர் கையிலும் காப்பு இருக்க வேண்டும். அது சிவந்திருந்தால் பலகை திறக்காது. மேனேஜருக்கும் ஒரு காப்பு கொடுத்தாள். சென்னியப்பன் அதைச் சட்டைக் கைக்குள் மறைத்துப் போட்டுக்கொண்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவர் வேகமாக ஷெட்டுக்குள் வந்தார். ஒரு கையில் போன். முகம் வெளிறியிருந்தது. நேராகப் பலகைக்குப் போய், "மூணாவது வரிசைய இருபதுக்கு ஏத்துப்பா. ஒரு மணி நேரம் மட்டும்" என்றார்.

"கைய வைங் சார்" என்றான் நவநீதன்.

அவர் மணிக்கட்டைப் பலகைக்கு எதிரில் நீட்டினார். பலகை திறக்கவில்லை. மறுபடி நீட்டினார். சட்டைக் கையை மேலே தள்ளிவிட்டுப் பார்த்தார். காப்பு ரத்தச் சிவப்பாக எரிந்தது.

பக்கத்திலிருந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கோகிலவாணி சிரிக்கவில்லை. தன் பிரஸ்ஸை நிறுத்திவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துவந்து அவருக்குப் பின்னால் போட்டாள்.

"உக்காருங் சார்."

அவர் உட்கார்ந்தார். யாரோ டீ கொண்டுவந்து கொடுத்தார்கள்.

"எப்ப இருந்து இப்படி இருக்குதுங் சார்?" என்று கேட்டாள்.

"அளந்து பாத்தாத்தானே தெரியும்?" என்றார் அவர். சட்டைக் கையை இழுத்துவிட நினைத்து, பிறகு அப்படியே விட்டுவிட்டார். "சென்னைல இருக்கற கார் கம்பெனில இருந்து போன் வரும். இன்னிக்கு இவ்வளவு வேணும்பாங்க. வெச்சதும் நான் எந்திரிச்சு இங்க வருவேன். பதினோரு வருசம். காலைல ஒரு தடவ, மத்தியானம் ஒரு தடவ." அவர் நிறுத்தினார். "அந்த ஷிரின் பொண்ணு பழைய கணக்க வெச்சுப் படம் போட்டுக் காட்டுச்சு. எனக்குப் போன் வந்து பத்தாவது நிமிசம் நீங்க செவந்திருக்கீங்க. தெனமும்."

பெல்ட் பதினாறில் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் கையிலிருந்த போன் அடித்தது. அவர் அதைப் பார்த்தார், கோகிலவாணியைப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டார்.

"என்ன சென்னியப்பன், வேகம் ஏத்தியாச்சா?" மறுமுனையில் ஒரு வேகமான குரல்.

"இல்லீங் சார். ஏத்த முடியாது."

"ஏன், மெஷின் பழுதா?"

"மெஷின் நல்லாத்தான் இருக்குதுங் சார். நான்தான் சரியில்ல." அவர் டீயை ஒரு வாய் குடித்தார். "எங்க காப்பு அப்படித்தான் சொல்லுது. சரக்கு திங்கக்கிழமை முழுசா வரும். ஒண்ணுகூடக் கோணலா இருக்காது. அதுக்கு நான் பொறுப்பு. இன்னிக்கு வேகம் ஏத்த மாட்டேன்."

அவ்வளவு பெரிய கம்பெனியின் ஆளிடம் அப்படி ஒரு வார்த்தை அந்த ஷெட்டிலிருந்து இதுவரை போனதில்லை. நவநீதன் எழுந்து நின்றுவிட்டான். மறுமுனையில் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று சென்னியப்பன் போனைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

அறுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்தக் குரல் மறுபடி வந்தது. வேகம் முழுக்க இறங்கி, பக்கத்தில் இருக்கிற யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்பதுபோலத் தாழ்ந்திருந்தது.

"சென்னியப்பன்... அந்தக் காப்பு எங்க கிடைக்கும்?"